அபினியை எதிர்த்த ஆணையர் லின் ஸெஷூ

காசியிலிருந்து கங்கையின் ஓட்டத்தோடு கிழக்கே சென்றால் காஜிப்பூர் என்னும் நகரம் வரும். பன்னீருக்குப் பேர் போன ஊர். காரன்வாலிஸ் பிரபுவின் கல்லறையும் அங்கேதான் உள்ளது. அவ்வூரில் பழைய தொழிற்சாலை ஒன்று உண்டு. 1820-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் அபினி பதப்படுத்துவதற்காக நிறுவியது அது. இன்றும் அரசாங்கத்தின் பொறுப்பில், மருந்துத் தேவைக்காக அங்கே அபினி பதம் செய்யப்படுகிறது.

சென்ற பருவத்தில் நம் சங்கத்தில் நடந்த சொற்போரை நண்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். போதைப் பொருள்களை அடியோடு தடுப்பதா, அன்றிச் சட்டத்தின் வரம்புக்குள் கொண்டுவந்து வரி விதிப்பதா என்பது பொருள். தடைக் கட்சியில் பேசியவர்களுள் நானும் ஒருவன். இரு கட்சியாரும் அமெரிக்காவை இழுத்தோம்; போர்ச்சுகலை இழுத்தோம்; கைதட்டலும் பெற்றோம். ஆயின், நாம் படிக்கும் இந்நகரத்தின் பெயரையே தாங்கிய சரக்கைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை. 'காசிச் சரக்கு' என்றால் சீன நாட்டுக் கடைத்தெருக்களில் அந்நாளில் எல்லோரும் அறிவர். அதனைத் தடுக்க முயன்று, அம்முயற்சியில் பதவியும் நாடும் இழந்த ஒருவரின் வரலாற்றைப் பிறகுதான் தேடிப் படித்தேன். நம் சொற்போர் 1836-ஆம் ஆண்டிலேயே சீனப் பேரரசரின் அவையில் ஒரு முறை நடந்து முடிந்துவிட்டது என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

லின் ஸெஷூ 1785-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 30-ஆம் நாள், சீனத்தின் தென்கிழக்குக் கடற்கரையில் உள்ள ஃபூசௌ நகரில் பிறந்தார். தந்தையார் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பிழைத்தவர். தேர்வுகளில் மேலே ஏற முடியாமல் நின்றுபோனவர். வீட்டில் வறுமை. தாயார் காகிதப் பூக்கள் செய்து விற்றுக் குடும்பச் செலவுக்கு உதவினார். சீனத்தில் அந்நாளில் உயர்குலத்தில் பிறவாதவன் மேலே வருவதற்கு இருந்த வழி ஒன்றே ஒன்று, அரசாங்கத் தேர்வு. லின் 13-ஆம் வயதில் முதற்படித் தேர்வில் தேறினார். 19-ஆம் வயதில் மாகாணத் தேர்வில் தேறினார். தலைநகரத் தேர்விலோ இருமுறை தோற்றார். மூன்றாம் முறை, 1811-இல், தம் 26-ஆம் வயதில் வென்று, பெருங்கல்வியாளர் அமரும் ஹான்லின் கழகத்தில் இடம் பெற்றார். இருமுறை தோற்றவர் என்பதை நம்மவர் சிலருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றே இங்குக் குறித்தேன்.

பின்னர் ஏறத்தாழ 20 ஆண்டுகள் மாகாணங்களில் உத்தியோகம். நீதித்துறை, வெள்ளத் தடுப்பு, தானிய நிருவாகம், உப்பு நிருவாகம் என்று பல துறைகளிலும் உழைத்தார். கை சுத்தமானவர் என்று மக்கள் நம்பினர். தெளிந்த வானம் என்று பொருள்படும் பட்டப்பெயர் ஒன்றை அவருக்கு இட்டு வழங்கினர். 1832-இல் ஜியாங்சூ மாகாண ஆளுநர். 1837-இல் ஹூபெய், ஹூநான் என்னும் இரு மாகாணங்களுக்குத் தலைமை ஆளுநர்.

அபினி சீனத்துக்குப் புதியதன்று. மருந்தாக நெடுங்காலம் வழங்கிவந்தது. அதனைப் புகைக்கும் பழக்கம் பரவியபோது, 1729-இலேயே பேரரசர் தடை விதித்தார். 18-ஆம் நூற்றாண்டு முடியும் தறுவாயில் இறக்குமதியும் தடுக்கப்பட்டது. ஆனால், சீனத் தேயிலைக்குக் கொடுக்க ஆங்கிலேயரிடம் வெள்ளியைத் தவிர வேறு பண்டம் இல்லை; சீனர் விரும்பி வாங்கும் பொருள் ஒன்று அவர்களுக்கு வேண்டியிருந்தது. அது கங்கைக் கரையில் கிடைத்தது. வங்காளத்தில் 1773 முதல் அபினி கம்பெனியின் தனியுரிமை. பாட்னா ஒரு நிலையம், காசி வட்டாரத்துக்குக் காஜிப்பூர் மற்றொரு நிலையம். உழவனுக்கு முன்பணம் கொடுத்துக் கசகசாச் செடி பயிரிடச் செய்வார்கள். பாலைக் கம்பெனிக்கே, கம்பெனி சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டும். தொழிற்சாலையில் அதனை உருண்டை பிடித்து, அச்செடியின் இதழ்களையே மேலே பொதிந்து, மாமரப் பெட்டி ஒன்றுக்கு 40 உருண்டையாக அடுக்குவார்கள். ஒரு பெட்டியில் 60 கிலோவுக்குச் சற்று மேல் அபினி இருக்கும். கல்கத்தாவில் ஏலம் போடுவார்கள்.

ஏலத்தோடு கம்பெனியின் கை கழுவப்பட்டுவிடும். சீனத்துக்குக் கடத்திச் செல்வது தனி வணிகர் பாடு. சட்டத்தை மீறிய குற்றம் கம்பெனியைச் சாராது. பணம் மட்டும் சாரும்! இந்த ஏற்பாட்டின் நேர்த்தியை நினைக்குந்தோறும் வியப்பாகவே உள்ளது. கல்கத்தாச் சரக்கோடு பம்பாயிலிருந்து மாளவ அபினியும் போயிற்று; அதில் ஆங்கிலேயரோடு நம் நாட்டு வணிகரும் பொருள் குவித்தனர் என்பதை மறைப்பதற்கில்லை. 1820-ஐ ஒட்டி ஆண்டுக்கு 5,000 பெட்டி அளவில் சென்ற சரக்கு, 1838-இல் ஏறத்தாழ 40,000 பெட்டியாகப் பெருகியது.

காண்டன் துறைமுகத்துக்கு வெளியே லின்டின் தீவருகில் கப்பல்கள் மிதக்கும் பண்டசாலைகளாக நிற்கும். அங்கிருந்து, பல துடுப்புகள் பூட்டிய சீனக் கடத்தற் படகுகள் சரக்கை ஏற்றிக் கரைக்கு விரையும். அப்படகுகளுக்கு வேக நண்டு என்று பெயர். காவற் படகுகளும் அங்கேயே இருந்தன. அவற்றின் அதிகாரிகளுக்குப் பெட்டிக்கு இவ்வளவு என்று பங்கு போய்க்கொண்டிருந்தது.

சீன அரசைக் கலக்கியது புகைப்பவரின் உடல்நலம் மட்டுமன்று. வெள்ளி நாட்டைவிட்டு வெளியேறிக் கொண்டிருந்தது. ஒரு தேல் எடை வெள்ளிக்கு 1,000 செப்புக் காசு என்பது பழைய கணக்கு. 1838-இல் அது 1,600 காசு வரை ஏறிவிட்டது. உழவன் விளைபொருளை விற்பது செப்புக் காசுக்கு. வரி கட்டுவது வெள்ளிக் கணக்கில். அபினியைக் கண்ணால் பாராத உழவனும் அதற்காக வரி கட்டினான் என்று சொன்னால் பிழையாகாது.

1836-ஆம் ஆண்டில் ஷூ நைஜி என்னும் அதிகாரி பேரரசர் தாவ்குவாங்குக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். அவர் காண்டன் மாகாணத்தில் பணியாற்றி நிலைமையை நேரில் கண்டவர். தடைச் சட்டங்கள் கடுமையாக ஆக ஆக, இலஞ்சத்தின் அளவுதான் உயர்கிறது என்றார். ஏவலர்களும் காவலர்களும் அச்சட்டத்தைக் காட்டியே ஏழைகளை மிரட்டிப் பறிக்கின்றனர். ஆகவே அபினியை மருந்துச் சரக்காக ஏற்று, சுங்கம் விதித்து இறக்கவிடுவோம். வெள்ளி கொடுக்காமல் பண்டமாற்றாகவே வாங்குவோம். உள்நாட்டிலும் பயிரிட இசைவளிப்போம். அதிகாரிகளும் படித்தவர்களும் போர்வீரர்களும் மட்டும் தொடக்கூடாது என்று வைப்போம் - இதுவே அவருடைய திட்டம். காண்டன் தலைமை ஆளுநர் டெங் டிங்ஜெனும் முதலில் இதற்கு உடன்பட்டார்.

எதிர்க் கட்சியார் வாளாவிருக்கவில்லை. சட்டம் மீறப்படுகிறது என்பதற்காகச் சட்டத்தையே எடுத்துவிடுவதாயின், திருட்டுக்கும் அதே நீதியா என்று கேட்டனர். குற்றம் சட்டத்திலில்லை, அதனை விற்றுத் தின்னும் அதிகாரிகளிடம் உள்ளது என்றனர். 1832-இல் யாவோ மலைமக்களின் கலகத்தை அடக்க அனுப்பிய காண்டன் படைவீரர் பலர் அபினிப் பழக்கத்தால் போருக்கு உதவாமற் போனதை நினைவூட்டினர். மக்களுக்குத் திறந்துவிட்டுப் படைக்கு மட்டும் தடுக்க முடியுமா? படைவீரன் எங்கிருந்து வருகிறான்? இவ்விரு கட்சிகளின் வாதங்களையும் அருகருகே வைத்துப் படித்தபோது எனக்குச் சற்று வெட்கமாகவே இருந்தது. நம் மேடையில் நாங்கள் சொந்தச் சரக்கென்று எண்ணிப் பேசியவை யாவும் அங்கே நம்மினும் நன்றாகச் சொல்லப்பட்டிருந்தன.

பேரரசர் தடைக் கட்சியின் பக்கம் சாய்ந்தார். 1838-ஆம் ஆண்டு ஜூனில் ஹுவாங் ஜூவெட்ஸி என்பவர் இன்னும் ஒரு படி மேலே சென்றார். வாங்குபவன் இருக்கும்வரை விற்பவன் இருப்பான். ஆகையால் புகைப்பவர்க்கு ஓராண்டு தவணை கொடுத்து, அதற்குப் பின்னும் விடாதவர்க்கு மரண தண்டனை விதிக்க வேண்டும் என்றார். மாகாண ஆளுநர்கள் எல்லோரிடமும் கருத்துக் கேட்கப்பட்டது. பெரும்பாலோர் இதனை ஏற்கவில்லை. கடத்துவோரையும் விற்போரையும் தண்டிப்பதே போதும் என்றனர். ஏற்ற சிலருள் லின் ஒருவர்.

இவ்விடத்தில் எனக்கு லின்னோடு உடன்பாடில்லை. பழக்கத்துக்கு அடிமையானவனைக் கொல்வது எந்த நீதியாலும் பொருந்தாது. ஆயினும் அவருடைய விண்ணப்பத்தை முழுதும் பார்க்கும்போது, அவர் கொலைக்கு விரைந்தவராகத் தோன்றவில்லை. ஓராண்டை நான்கு தவணையாகப் பிரித்தார். தாமே முன்வந்து குழாயை ஒப்படைப்பவரை விட்டுவிட வேண்டும் என்றார். அதனோடு மருந்து முறைகளையும் எழுதி அனுப்பினார். முதலில் ஒரு மாத்திரை; பிறகு அதனைச் சிறிது சிறிதாகக் குறைத்து, அந்த இடத்தில் உடலைத் தேற்றும் வேறு மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவது. தம் இரு மாகாணங்களிலும் இதனைச் செய்தும் காட்டினார். குழாய்கள் ஆயிரக்கணக்கில் பறிமுதலாயின, மருந்தும் வழங்கப்பட்டது. கணவனோ மகனோ பழக்கத்திலிருந்து மீண்டதற்காகப் பெண்கள் வழியோரத்தில் மண்டியிட்டு நன்றி சொன்னதை அவர் பேரரசருக்குத் தெரிவித்துள்ளார்.

இப்படியே விட்டால், சில பத்தாண்டுகளில் போரிட வீரரும் இரார், அவர்களுக்குச் சம்பளம் கொடுக்க வெள்ளியும் இராது என்பது அவருடைய எச்சரிக்கை. அது பேரரசரின் உள்ளத்தைத் தொட்டது. லின் தலைநகருக்கு அழைக்கப்பட்டார். அவ்வாண்டின் கடைசி நாளில் தனியாணையராக நியமனம். அதற்கு முன்னரே, அக்டோபரில், ஷூ நைஜி பதவியிலிருந்து நீக்கப்பட்டிருந்தார். அவர் செய்த குற்றம், இரண்டாண்டுக்கு முன் ஒரு யோசனை சொன்னதுதான். அவருடைய யோசனை தவறாகவே இருக்கட்டும். காண்டனில் காவலர் கையூட்டு வாங்குகின்றனர் என்ற உண்மையைச் சொன்னவரும் அவரே அல்லவா? அவரை விலக்கிய பிறகு அந்த அவையில் அதனைச் சொல்ல யார் துணிவர்?

1839 மார்ச்சு 10-ஆம் நாள் லின் காண்டன் வந்து சேர்ந்தார். வழியிலேயே எவரிடமும் பரிசு பெறுவதில்லை என்றும், தம் பரிவாரத்துக்கு விருந்து வேண்டாம் என்றும் அறிவித்துவிட்டார். வந்ததும் தம் வேலையை உள்நாட்டாரிடமிருந்தே தொடங்கினார். ஜூலை நடுவதற்குள் 1,600-க்கு மேற்பட்ட சீனர் சிறைப்பட்டனர். ஏறத்தாழ 43,000 புகைக் குழாய்கள் கைப்பற்றப்பட்டன. நமக்குச் சுவையான செய்தி ஒன்று உண்டு. நகரத்துக் கல்விக் கூடங்களின் மாணவர் ஏறத்தாழ 600 பேரைத் தேர்வு என்று கூட்டினார். வினாத்தாளில் வழக்கமான பழநூற் கேள்விகளோடு வேறு கேள்விகளும் இருந்தன: அபினி விற்கும் பெரும்புள்ளிகள் யார், அவர்களைத் தடுக்கும் வழி என்ன என்று. விடை எழுதுவோர் தம் பெயரை எழுத வேண்டியதில்லை! அதிகாரிகள் சொல்லாததை மாணவர் சொல்வர் என்று அவர் நம்பியிருக்க வேண்டும்.

மார்ச்சு 18-இல் அயல்நாட்டு வணிகர்க்கு ஆணை பிறந்தது. கையிலுள்ள அபினி முழுவதையும் ஒப்படைக்க வேண்டும். இனிக் கொண்டுவருவதில்லை என்று முறிச்சீட்டு எழுதித்தர வேண்டும். மீறிக் கொண்டுவந்தால் உயிர் போகும். அயலாரோடு வணிகம் செய்யும் உரிமை பெற்ற ஹோங் வணிகர்களை இடையே நிறுத்தினார். உலகப் பெருஞ்செல்வர்களுள் ஒருவராக எண்ணப்பட்ட ஹௌக்குவா கழுத்தில் சங்கிலியோடு அயலார் முன் வந்து நின்று மன்றாட வேண்டியதாயிற்று. மார்ச்சு 24-இல் அயலார் தங்கியிருந்த வணிக மனைகள் முற்றுகையிடப்பட்டன. ஏறத்தாழ 350 பேர் உள்ளே அகப்பட்டனர். சமையற்காரர், பணியாளர் அனைவரும் விலக்கப்பட்டனர். உணவுப் பொருள் உள்ளே சென்றது. அடியோ உதையோ இல்லை. ஆனால் கோடீசுவரர்கள் தாமே அடுப்பு மூட்டிச் சோறாக்க நேர்ந்தது. நம் விடுதிச் சமையற்கூடம் மூடப்பட்ட நாட்களில் நாம் பட்ட பாட்டை நினைத்தால் அவர்கள் நிலை விளங்கும்.

பிரிட்டிஷ் வணிகக் கண்காணிப்பாளர் சார்ல்ஸ் எலியட் அப்போது ஒரு காரியம் செய்தார். வணிகர் தம் அபினியைத் தம்மிடம் ஒப்படைக்கட்டும், அதன் விலைக்குப் பிரிட்டிஷ் அரசாங்கம் பொறுப்பு என்றார். விற்பனை முடங்கிக் கிடந்த வணிகருக்கு இது பழம் நழுவிப் பாலில் விழுந்தது போலாயிற்று. கையிலிருந்ததற்கும் மேலாக எழுதிக் கொடுத்தனர். கணக்கு 20,283 பெட்டி. லின் தம் வெற்றி முழுமை பெற்றது என்று மகிழ்ந்தார். கடத்தல்காரரின் சரக்கு ஒரே நாளில் ஓர் அரசின் சொத்தாக மாறிவிட்டது. அதனை அழிப்பது ஓர் அரசோடு பகைப்பதாகும். இதனை அவர் உணர்ந்ததாகத் தெரியவில்லை.

அழித்த விதத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஹூமென் என்னும் இடத்தில், கடலோரத்தில், 150 அடி நீளமும் 7 அடி ஆழமுமாக மூன்று பெருங்குழிகள் தோண்டினர். அடியில் கல் பாவினர். பக்கங்களில் மரம் அடித்தனர். குழியில் நீர் நிரப்பி உப்பைக் கொட்டினர். உருண்டைகளை உடைத்து அதில் எறிந்தனர். பிறகு சுண்ணாம்பு. நீர் கொதித்துப் புகைந்தது. ஏறத்தாழ 500 கூலியாட்கள் மட்டையும் கழியும் கொண்டு கிளறினர். கரைந்த சேற்றைக் கடல் வற்றும் நேரம் பார்த்து மதகு திறந்து விட்டனர். 1839 ஜூன் 3-இல் தொடங்கியது இவ்வேலை. 25-ஆம் நாள் வரை நடந்தது. ஏறத்தாழ 1,200 டன் அபினி கடலோடு போயிற்று. அவ்வளவு சரக்கு கைக்கு வந்த பிறகு ஒரு பெட்டியும் திரும்ப விற்பனைக்குப் போகவில்லை என்பதை, ஐயத்தோடு பார்க்க வந்த அயலாரும் ஒப்புக்கொண்டனர். சீன அதிகாரி ஒருவரைப் பற்றி அவர்கள் அப்படிச் சொன்னது அரிது.

இந்த வேலை தொடங்குமுன் லின் கடல் தெய்வத்துக்கு ஒரு வழிபாடு நடத்தினார். நஞ்சு கலக்கப் போகிறது. நீர்வாழ் உயிர்களைச் சிறிது காலம் விலகி இருக்கச் சொல்ல வேண்டும் என்று வேண்டிக்கொண்டார். எத்தனையோ அரசுகள் எத்தனையோ பொருள்களை அழித்துள்ளன. மீன்களுக்கு முன்னறிவிப்புக் கொடுத்தவரை நான் வேறெங்கும் படித்ததில்லை.

அவர் அறியாமையும் இல்லாதவரல்லர். தேயிலையும் ரேவல்சின்னிக் கிழங்கும் கிடைக்காவிட்டால் அயலார் மலச்சிக்கலால் உயிர் வாழ முடியாது என்று நம்பினார். ஆனால் அறிந்துகொள்ள முயன்றார். அவ்வகையில் தம் காலத்து அதிகாரிகளில் பெரும்பாலோரினும் வேறுபட்டவர். மொழிபெயர்ப்பாளரை அமர்த்தி அயலார் செய்தித்தாள்களைச் சீனத்தில் பெயர்த்துப் படித்தார். உலக நிலவியல் நூல் ஒன்றையும், நாடுகளுக்கிடையிலான சட்டம் பற்றிய நூலின் பகுதிகளையும் பெயர்க்கச் செய்தார். அமெரிக்க மிஷன் மருத்துவர் பீட்டர் பார்க்கரிடம் ஆள் அனுப்பி, அபினிப் பழக்கத்துக்கு மருந்து உண்டா என்று கேட்டார். தம் குடலிறக்க நோய்க்கும் அவரிடமே பரிகாரம் தேடினார். நேரில் வரவில்லை. பார்க்கர் இடைவார் அனுப்பி, நோயாளர் பதிவேட்டில் 6565 என்ற எண்ணில் அவர் பெயரைக் குறித்துக்கொண்டார். பேரரசரின் ஆணையரைப் பாராமலே வைத்தியம்!

விக்டோரியா அரசியாருக்கு அவர் எழுதிய மடல் உலகறிந்தது. உங்கள் நாட்டில் தடுத்துள்ள நஞ்சை எங்கள் நாட்டில் விற்கவிடுவது எவ்வாறு முறையாகும் என்பது அதன் சாரம். இங்கும் ஒரு பிழை இருந்தது. இங்கிலாந்தில் அபினி தடுக்கப்படவே இல்லை. கடைகளில் தாராளமாக விற்றது. அதன் விற்பனைக்கு அங்குச் சட்டக் கட்டுப்பாடு வந்தது 1868-இல்தான். ஆங்கிலேயர் மனமறிந்து இரட்டை நீதி செய்கின்றனர் என்று லின் எண்ணினார். அவர்களோ அதனைக் குற்றமாகவே கருதவில்லை. மடலை 1840 ஜனவரியில் ஒரு கப்பல் தலைவர் எடுத்துச் சென்றார். இலண்டனில் வெளிநாட்டு அமைச்சகத்தார் அதனை வாங்க மறுத்தனர்.

அதற்குள் போர் முற்றிவிட்டது. கௌலூனில் ஆங்கில மாலுமிகள் சீனர் ஒருவரைக் கொன்றதும், கொலையாளியை ஒப்படைக்க எலியட் மறுத்ததும், நவம்பரில் கப்பற் சண்டை மூண்டதும் அடுத்தடுத்து நிகழ்ந்தன. இங்கிலாந்தின் பாராளுமன்றத்தில் 1840 ஏப்ரலில் அரசாங்கத்தைக் கண்டிக்கும் தீர்மானம் வந்தது. இளைஞர் கிளாட்ஸ்டன் இப்போரைப் பழித்துப் பேசினார். தீர்மானம் 262-க்கு 271 என்று ஒன்பது வாக்கில் தோற்றது. ஜூனில் படை சீனக் கடலுக்கு வந்தது.

அப்படை இந்தியாவிலிருந்து சென்றது. அதில் சென்னை மாகாணத்துப் பீரங்கிப் படையினரும் சுரங்கப் படையினரும் இருந்தனர். பின்னர் 37-ஆவது சென்னைக் காலாட்படையும் சேர்ந்தது. 1841 மே மாத இறுதியில் காண்டனுக்கு வெளியே சான்யுவான்லி என்னும் ஊரருகே, கொட்டும் மழையில், அப்படையின் ஒரு பிரிவு வழிதவறியது. மருந்து நனைந்து துப்பாக்கி வெடிக்கவில்லை. ஈட்டியும் மண்வெட்டியும் ஏந்திய ஆயிரக்கணக்கான சிற்றூர் மக்கள் அவர்களைச் சூழ்ந்துகொண்டனர். வேறு வகைத் துப்பாக்கி கொண்ட கப்பற்படை வீரர் இரவில் தேடிவந்து மீட்டனர். கங்கைக் கரை உழவன் முன்பணத்துக்காக விளைத்த பொருளுக்காக, காவிரிக் கரையிலும் கிருஷ்ணைக் கரையிலும் பிறந்த சம்பளப் போர்வீரன் காண்டன் வயலில் நனைந்து நின்றான். எதிரே நின்றவனும் உழவன்தான். சீன நாட்டுப் பள்ளிகளில் சான்யுவான்லி இன்றும் பெருமையோடு சொல்லப்படும் பாடம். நம் பாடநூலில் அந்தப் பெயரை நான் கண்டதில்லை.

அந்தச் சண்டையின்போது லின் காண்டனில் இல்லை. ஆங்கிலக் கப்பல்கள் 1840 ஆகஸ்டில் தலைநகருக்கு அருகே வந்து நின்றதும் பேரரசரின் மனம் மாறியது. ஓராண்டுக்கு முன் பாராட்டிய அதே கை, பழியை முழுவதும் லின் தலையில் சுமத்தியது. பதவி பறிக்கப்பட்டது. 1841-இல் மேற்கு எல்லையில் உள்ள இலிக்கு நாடு கடத்தும் ஆணை பிறந்தது. அவ்வழியில் மஞ்சளாறு கரையுடைத்துக் கைஃபெங் நகரைச் சூழ்ந்தது. வெள்ளத் தடுப்பில் தேர்ந்தவர் என்று குற்றவாளியையே அங்கே நிறுத்தினர். பல மாதம் இரவு பகலாக நின்று கரையைக் கட்டி முடித்தார். மன்னிப்பு வரும் என்று பலரும் எதிர்பார்த்தனர். இலிக்குப் பயணத்தைத் தொடரலாம் என்ற ஆணையே வந்தது.

அவர் அங்குப் போய்ச் சேர்ந்தபோது 1842-ஆம் ஆண்டு முடியும் காலம். அதற்குள் ஆகஸ்டு 29-இல் நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தாகிவிட்டது. ஹாங்காங் போயிற்று, ஐந்து துறைமுகங்கள் திறக்கப்பட்டன, 2 கோடியே 10 இலட்சம் வெள்ளி டாலர் தண்டம். அதில் 60 இலட்சம் ஹூமெனில் கரைத்த அபினிக்கு விலை. ஆனால் அபினி வணிகம் இனி முறையா முறையன்றா என்பதைப் பற்றி அவ்வுடன்படிக்கையில் ஒரு சொல்லும் இல்லை. எதற்காகப் போர் நடந்ததோ அதன் பெயரைச் சொல்ல இரு தரப்பாரும் கூசினர் போலும்.

இலியில் லின்னுக்குப் பழைய தோழர் ஒருவர் இருந்தார். சட்ட வரம்புக்குள் கொண்டுவரும் திட்டத்துக்கு 1836-இல் உடன்பட்ட அதே டெங் டிங்ஜென். பின்னர் மனம் மாறி லின்னோடு சேர்ந்து காண்டனில் அபினியை ஒடுக்கியதால் அவரும் நாடு கடத்தப்பட்டிருந்தார். லின் அங்கும் சும்மா இருக்கவில்லை. வாய்க்கால் வெட்டினார். 60 வயதை நெருங்கிய நிலையில் பாலைநிலத்தில் மாதக்கணக்கில் அலைந்து, பயிருக்கேற்ற நிலங்களை அளந்தார். நிலத்தடி வாய்க்காலோடு கிணறுகளை இணைக்கும் அவ்வட்டார முறையைப் பரப்பினார். அவற்றை அங்குள்ளோர் அவர் பெயரால் அழைத்தனர்.

1845-இல் மன்னிப்பு வந்தது. மீண்டும் உயர் பதவிகள். 1847-இல் யுன்னான், குய்சௌ மாகாணங்களின் தலைமை ஆளுநர். யுன்னான் மலைகளில் அப்போதே கசகசாப் பயிர் பரவியிருந்தது. இக்காலத்தில் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், உள்நாட்டில் அச்செடியைப் பயிரிடுவதால் கேடில்லை என்றே தமக்கும் தோன்றுகிறது என்றும், மக்கள் உள்நாட்டுச் சரக்கை விட்டு அயற்சரக்கையே நாடுவதுதான் வருத்தம் என்றும் எழுதினார். இதனைப் படித்தபோது நான் திடுக்கிட்டேன். ஷூ நைஜியின் திட்டத்தில் ஒரு பகுதி அல்லவா இது? ஹூமென் குழிகளின் அருகே நின்றவரா இதனை எழுதினார்? வெள்ளி வெளியேறும் துன்பத்தை நாற்பதாண்டு உத்தியோகத்தில் கண்ணெதிரே கண்டவரின் களைப்பு அதில் தெரிகிறது. கொள்கை மாறியது என்பதா, பீரங்கிக்கு முன் வேறு வழி காணாதவர் சொன்னது என்பதா? தடைக் கட்சியில் பேசிய என்னால் இதனை மறைத்துவிட்டு அவர் வரலாற்றை எழுத முடியவில்லை.

நோயுற்று 1849-இல் ஓய்வு பெற்றார். மறு ஆண்டு குவாங்சியில் தைப்பிங் கிளர்ச்சி தலைதூக்கியபோது, அதனை அடக்கும் பொறுப்பை ஏற்குமாறு மீண்டும் அழைப்பு வந்தது. உடல் இடங்கொடாத நிலையிலும் பல்லக்கேறிப் புறப்பட்டார். 1850 நவம்பர் 22-ஆம் நாள் காண்டன் மாகாணத்துப் பூனிங் என்னும் ஊரில், வழியிலேயே உயிர் நீத்தார்.

எட்டாண்டு கழிந்து, இரண்டாம் முறை தோற்ற பிறகு, 1858-இல் சீனம் அபினிக்குச் சுங்க வீதம் எழுதியது: 100 கட்டிக்கு 30 தேல் வெள்ளி. சட்டத்துக்குள் கொண்டுவரச் சொன்னவர்களின் வழி இவ்வாறு அயலான் படைவலியால் நிறைவேறியது. இறக்குமதி மேலும் பெருகியது. ஸெச்சுவானிலும் யுன்னானிலும் உள்நாட்டுப் பயிர் அதனைப் பின்னர்ப் பன்மடங்கு மிஞ்சியது. ஷூ நைஜி நினைத்தபடி வெள்ளி வெளியேறுவது குறையலாம். புகைப்பவர் தொகை குறையவில்லை. இங்கே இந்தியாவில், அபினி வருவாய் நிலவரிக்கு அடுத்த பெரும் வருவாய்களுள் ஒன்றாக நின்றது. 1881-இல் இளைஞர் இரவீந்திரநாதர் இவ்வாணிகத்தைக் கண்டித்து வங்காளியில் கட்டுரை எழுதினார்.

1906-இல் சீனப் பேரரசு மீண்டும் தடை விதித்தது. இம்முறை இங்கிலாந்திலும் மனச்சான்று விழித்திருந்தது. மறு ஆண்டு செய்த உடன்பாட்டின்படி இந்திய அபினி ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது. எஞ்சியிருந்த பெட்டிகளைச் சீன அரசாங்கமே விலைக்கு வாங்கி, 1919 ஜனவரியில் ஷாங்காயில் பலர் காண எரித்தது. லின் கரைத்தது 20,000 பெட்டி. இவர்கள் எரித்தது ஏறத்தாழ 1,200. இம்முறை தண்டம் கேட்டு எந்தக் கப்பலும் வரவில்லை.